பாசிக்காட்டுக்குப் போகாதீர்கள், ஓடை ஓரத்துக்கு வாருங்கள்

மலேசியாவின் கேமரன் மலைக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் நேராகப் பாசிக்காட்டுக்குத்தான் வண்டியை விடச் சொல்கிறார்கள். குனோங் பிரிஞ்சாங் உச்சி 2,000 மீட்டரைத் தாண்டும். அங்கே பனி, பாசி, குடுவைச் செடி எல்லாம் உண்டு. நான் குறை சொல்லவில்லை, என் பிழைப்பே அந்த ஏற்றத்தில்தான் ஓடுகிறது. ஆனால் மலைத் தையல்சிட்டைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவரை நான் அங்கே கொண்டுபோவதில்லை. தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், யாரும் படம் எடுக்காத ஒரு புதர் ஓரத்தில் இறக்கிவிடுகிறேன். ரெசாம் பெரணியும் செண்டுடுக் செடியும் காட்டு முள்பெர்ரியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் துணி காயும் கம்பி, ஓடை, யாரோ வீசியெறிந்த மைலோ டின். இறங்கியவர் முகம் சுருங்கும்.

"இங்கேயா?" என்பார்.

இங்கேதான். இந்தக் குருவிக்கு அடர்ந்த பெருங்காடு கட்டாயமில்லை. இடுப்பளவிலிருந்து ஆளுயரம் வரை நெருக்கமாக வளர்ந்த புதர் வேண்டும், மூங்கில் இருந்தால் இன்னும் நல்லது, பக்கத்தில் கொஞ்சம் காடு வேண்டும், மலைக்குளிர் வேண்டும். தேயிலைத் தோட்டத்தின் விளிம்பில் இது நாலும் சேர்ந்தே இருக்கிறது. உச்சிக் காட்டிலும் இந்தக் குருவி உண்டு. அங்கே ஏறிப் பார்த்தால் இலைக்கூட்டத்துக்குள் எங்கோ ஒரு சத்தம் கேட்கும், அதோடு சரி. தோட்டத்து ஓரத்தில் அது கண்மட்டத்துக்கு வரும்.

நான் ரிங்லெட்காரன். வேன் ஓட்டுகிறேன். வாரநாளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், சனி ஞாயிறில் சுற்றுப்பயணிகள். அம்மா கொழுந்து பறித்தவர், அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மிஷின் பக்கம் நின்றவர். வேன்காரனுக்குப் பாதி வேலை காத்திருப்பதுதான். பிள்ளைகள் வரும்வரை காத்திரு, பயணிகள் டீ குடித்து முடிக்கும்வரை காத்திரு. அந்த நேரத்தில் போனை நோண்டுகிறவர்கள் உண்டு, தூங்குகிறவர்கள் உண்டு. எனக்குப் பறவை மாட்டியது.

முதலில் உயரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நின்று தேடினால் இந்தக் குருவி கிடைக்கவே கிடைக்காது. தாப்பாவிலிருந்து பழைய ரோட்டில் ஏறும்போது லாத்தா இஸ்கந்தர் அருவி வரும். பெத்தாய்க் காய் விற்கிற கடைகள் பக்கம் வண்டியை நிறுத்திக் காது கொடுத்தால் சமவெளிப் பறவைகளின் சத்தம்தான் தூக்கலாகக் கேட்கும். கீழே தாப்பா, பீடோர் பக்கத்து வீட்டு வேலிகளில் 'டுவீட் டுவீட்' என்று விடாமல் கத்துகிற தையல்சிட்டு உண்டே, வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளுமே, தமிழ்நாட்டில் வீட்டுத் தோட்டங்களில் இருப்பதும் அதே இனம்தான். ரிங்லெட் 1,100 மீட்டருக்கு மேலே. அங்கிருந்து ஹாபு, தானா ராத்தா என்று ஏற ஏற மலைப்பறவைகள் கை ஓங்கும். தானா ராத்தா 1,400 மீட்டரைத் தாண்டிய இடம். அந்த ரோட்டின் மேல்பாதிதான் நமக்கு வேண்டியது.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நீலகிரியில் இதைத் தேட வேண்டாம். வடகிழக்கு இந்தியாவின் மலைகளில் தொடங்கி, தென்சீனம், இந்தோசீனா வழியாக நம் மலைகள், சுமாத்திரா, ஜாவா, போர்னியோ, அதற்கும் கிழக்கே உள்ள தீவுகள் வரை இதன் நாடு. தென்னிந்திய மலைகளில் இது இல்லை.

இனி வழிமுறை. கண்ணை நம்பி வருகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள். பத்து, பதினொன்று சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பச்சை முதுகுக் குருவி பச்சைப் புதருக்குள் ஓடிக்கொண்டிருந்தால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? காதுதான் முதலில் வேலை செய்ய வேண்டும். மெல்லிய, மிக உச்சமான விசில் அது. இரண்டு மூன்று தனிச் சுரங்கள், பிறகு ஒன்றோடொன்று வழுக்கிச் சேருகிற ஓர் இழுப்பு. 'பீ... பீ... சீ-ரீ-ரீ' என்று எழுதிக்காட்டலாம், ஆனால் எழுத்தில் அதன் மெல்லிசு வராது. கீழ்நாட்டுத் தையல்சிட்டின் முரட்டுக் கத்தலைக் கேட்டுப் பழகியவர் இதைப் பூச்சிச் சத்தம் என்றே நினைத்து விட்டுவிடுவார்.

வருவதற்கு முன்னால் வீட்டிலேயே கேட்டுப் பழகிவிடுங்கள். ஸீனோ-கான்டோ இணையதளத்தில் பல நாட்டுப் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இயர்போனில் கேட்காமல் ஸ்பீக்கரில், சமையலறையில் விசிறி ஓடும்போது கேளுங்கள். மலையில் சத்தம் அப்படித்தான் வரும்: ஓடைச் சலசலப்பு, தூரத்து லாரி, எங்கோ புல்வெட்டுகிற மிஷின், இத்தனைக்கும் நடுவில்.

சத்தம் கேட்டதும் இரண்டு உள்ளங்கைகளையும் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு தலையை மெல்லத் திருப்புங்கள். எந்தப் பக்கம் கூடுதலாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் உடம்பைத் திருப்பி நில்லுங்கள். இவ்வளவு மெல்லிய சத்தம் தூரத்திலிருந்து வருவதாகத்தான் தோன்றும், அதனால் எல்லாரும் மேலே மரத்தைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் குருவி உங்கள் முழங்கால் உயரத்தில், நாலைந்து அடி உள்ளே இருக்கும்.

அப்பாவுக்கு இந்தச் சத்தம் கேட்பதில்லை. பக்கத்திலேயே பாடினாலும் "எங்கடா?" என்பார். வருஷக்கணக்கில் ரோலர் ஓடுகிற ரூமில் நின்ற காது, வயதும் ஆகிவிட்டது. உச்ச சுருதிதான் முதலில் போகும் என்று காது டாக்டர் சொன்னார். பயணிகளிலும் அறுபது தாண்டிய பலருக்கு இதே கதைதான், அவர்களும் தங்களுக்குக் கேட்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், குருவி இல்லை என்பார்கள். நான் செய்கிற ஏற்பாடு, பள்ளி விடுமுறை நாளாக இருந்தால் லயத்துப் பிள்ளை யாரையாவது கூட நிறுத்திக்கொள்வது. "வேன் அங்கிள், அந்தா, அந்தப் பெரணிக்குக் கீழ!" என்று ஒன்று விரல் நீட்டிவிடும். பத்து வயதுக் காதுக்கு எந்தக் கருவியும் ஈடில்லை.

நிற்கிற விதத்துக்கு வருகிறேன். ரோட்டோரத்தில் நடந்துகொண்டே பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். ஒரே இடத்தில், முதுகுக்குப் பின்னால் தேயிலையோ மண்சுவரோ இருக்கும்படி நில்லுங்கள். வானத்துக்கு எதிரே உங்கள் உருவம் தெரியக்கூடாது. கையை ஆட்டாதீர்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு புதர் தன் வேலையைத் தொடங்கும். முதலில் எங்காவது ஓர் இலை அசையும், காற்றில்லாத நேரத்தில் ஒரே ஓர் இலை. அங்கே பைனாகுலரை வைத்து விட்டு அசையாமல் இருங்கள்.

மழை விட்ட ஒரு காலையில் ஓடை ஓரத்தில் அப்படித்தான் நின்றிருந்தேன். ரெசாம் தண்டு ஒன்று லேசாகத் தாழ்ந்தது. தலை மட்டும் வெளியே வந்தது: நெற்றியும் உச்சியும் செங்கல் நிறம், அதற்குக் கீழே மஞ்சள் கலந்த வெள்ளையில் ஒரு மெல்லிய புருவக்கோடு, கன்னமும் பிடரியும் சாம்பல். உடம்புக்குச் சற்றும் பொருந்தாத நீள அலகு, ஊசிபோல. பெரணி இலையின் அடிப்பக்கத்தை ஒவ்வொரு கிளையாகச் சோதித்துக்கொண்டே வந்தது. தலைகீழாகத் தொங்கி, அலகை இலைமடிப்புக்குள் விட்டு, கண்ணுக்குத் தெரியாத எதையோ எடுத்து விழுங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் முதுகில் விழ, உடம்பையே உதறிக்கொண்டது. அப்போதுதான் வயிறு தெரிந்தது, நல்ல மஞ்சள், தொண்டையும் நெஞ்சும் வெளிர்சாம்பல். பிறகு அதே தண்டில் நிமிர்ந்து உட்கார்ந்து பாடியது. பாடும்போது தொண்டை இறகு சிலிர்த்து நிற்கிறது, வால் ஒவ்வொரு சுரத்துக்கும் துடிக்கிறது. பாடி முடித்த அடுத்த நொடி மறுபடியும் இலைக்கு அடியில்.

பைனாகுலர் விஷயத்தில் என் கருத்து கடைக்காரர் கருத்துக்கு எதிரானது. பத்து மடங்கு வாங்காதீர்கள், எட்டு மடங்கே போதும், 8x42 என்று எழுதியிருக்கும். புதருக்குள் பார்க்கும்போது உருவம் பெரிதாவதைவிடப் பார்வைப் பரப்பு அகலமாக இருப்பதுதான் உதவும். கை நடுக்கமும் எட்டில் குறைவாகத் தெரியும். அதைவிட முக்கியம், எவ்வளவு கிட்டத்தில் போக்கஸ் ஆகும் என்று கேட்டு வாங்குங்கள், இரண்டு மீட்டருக்குள் ஆக வேண்டும். விலை உயர்ந்த பைனாகுலரை வைத்துக்கொண்டு, குருவி ஏழெட்டு அடியில் வந்து நிற்கும்போது மங்கலாக மஞ்சள் புள்ளியைப் பார்த்தவர்களை நான் அழைத்துப் போயிருக்கிறேன். தண்ணீர் புகாததாகவும் இருக்கட்டும், இங்கே பனி மூடினால் லென்சுக்குள் ஆவி படியும்.

சரியான குருவிதானா என்று உறுதி செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. இதே மலையில் செம்மகுடக் கதிர்க்குருவி என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் உச்சி செம்பழுப்பு, தலையோரம் சாம்பல், வயிறு மஞ்சள். படத்தைப் பார்த்து வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு 'தையல்சிட்டு கிடைத்தது' என்று மகிழ்ந்து போகிறார்கள். அதற்கு அலகு குட்டை, இறக்கையில் மஞ்சள் பட்டைகள் உண்டு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உண்டு. முக்கியமாக அது மரக்கிளைகளில் மேலே, கூட்டத்தோடு திரியும். நம்முடையது கீழே, பெரும்பாலும் தனியாகவோ ஜோடியாகவோ. இறக்கையில் பட்டை இருந்தால் அது நீங்கள் தேடி வந்தது அல்ல. மூங்கில் பக்கம் மஞ்சள் வயிற்றுக் கதிர்க்குருவியும் வரும், அதன் உச்சியில் செந்நிறமே கிடையாது, அதனால் குழப்பம் குறைவு.

பிள்ளைகள் கேட்கிற கேள்வி இன்னொன்று: "அங்கிள், இதுவும் பள்ளிக்கூடத்துச் செம்பருத்தியில இருக்கிற தையல்சிட்டுக்குச் சொந்தமா?" நியாயமான கேள்வி. நீள அலகு, செந்தலை, புதர்வாசம் எல்லாம் பார்த்து அறிவியலாரும் அப்படித்தான் நினைத்தார்கள். 1836-ல் டெம்மிங்க் என்ற டச்சு அறிஞர் இதற்குப் பெயர் சூட்டிய காலத்துக்குப் பிறகு நெடுங்காலம் தையல்சிட்டுக் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். 2006-ல் வெளிவந்த மரபணு ஆய்வு அதை மாற்றியது. இது தையல்சிட்டுகளுக்கு உறவே இல்லை, புதர்க் கதிர்க்குருவிகள் என்று சொல்கிறோமே, புதருக்குள் ஒளிந்துகொண்டு குரல் மட்டும் கொடுக்கிற அந்தக் கூட்டத்தின் ஆள். பிள்ளைகளிடம் நான் சொல்வது, "பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி முகம், ஆனா வேற பரம்பரை." ஒரு பையன் உடனே கேட்டான், "அப்ப ஏன் பேரை மாத்தல?" எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

இனி வேண்டாதவை. போனில் பாட்டை ஒலிக்கவிட்டுக் குருவியை வெளியே வரவழைக்காதீர்கள். சுலபமாக வரும், மறுக்கவில்லை. தன் இடத்தில் வேற்று ஆண் புகுந்துவிட்டான் என்று தலை சிலிர்த்துக்கொண்டு கண்ணெதிரே வந்து நிற்கும். ஒரு வழிகாட்டி புளூடூத் ஸ்பீக்கரைப் புதருக்குள்ளேயே வைத்துவிட்டு அரைமணி நேரம் ஓட்டியதைப் பார்த்தேன். ஆறேழு கேமராக்கள் கிளிக்கின. அந்தக் குருவி அவ்வளவு நேரமும் இரை எடுக்கவில்லை, ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. வாயில் புழு வைத்திருந்த அதன் துணை கூட்டுக்குப் போக முடியாமல் செண்டுடுக் கிளையில் இப்படியும் அப்படியும் தாவிக்கொண்டிருந்தது. அவர்கள் போன பிறகு இன்னொரு வேன் வரும், அதிலும் ஒரு ஸ்பீக்கர் இருக்கும். ரோட்டோரக் குருவிக்கு இதுதான் தொல்லை: எல்லாருக்கும் எட்டுகிற இடத்தில் வாழ்கிறது.

கூட்டைத் தேடாதீர்கள். வாயில் இரையோடு ஒரு குருவி ஒரே இடத்தைச் சுற்றினால் நீங்கள் கூட்டுக்கு மிகக் கிட்டத்தில் நிற்கிறீர்கள், நாலு எட்டுப் பின்னால் வந்துவிடுங்கள். பெரணியை விலக்கி வழி செய்தால் அதே வழியில் பூனையும் பாம்பும் வரும். லயத்துப் பக்கம் பூனைக்கா பஞ்சம்?

படம் எடுக்கிறவர்களுக்கு நான் சொல்ல அதிகமில்லை. வெளிச்சம் குறைவு, குருவி நிற்காது, பிளாஷ் போடாதீர்கள். நல்ல படம் வேண்டுமென்றால் ஒரே கிளையைக் குறிவைத்துக் காத்திருங்கள், துரத்தினால் இலைதான் படமாகும்.

கூண்டுப் பறவைக்காரர்களால் இதற்கு ஆபத்து அவ்வளவாக இல்லை. மாத்தா பூத்தே, மூராய் பத்து என்று சந்தை உள்ள பறவைகளைத்தான் வலை தேடுகிறது. புழு பூச்சி மட்டும் தின்கிற இந்தச் சிறுசைக் கூண்டில் வைத்துக் காப்பாற்றுவதும் கஷ்டம். ஆனாலும் யாராவது புதரோரம் வலை கட்டுவதைப் பார்த்தால் நீங்களே சண்டைக்குப் போகாமல் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குப் போன் போடுங்கள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர்கள் கையில் இருக்கிறது.

உண்மையான ஆபத்து புல்வெட்டுகிற மிஷின்தான். தோட்டத்தில் ஓரம் வெட்டுவது வழக்கமான வேலை. ஓரம் சுத்தமாக இருந்தால் பெரிய அதிகாரி ஜீப்பில் வரும்போது பார்க்க அழகாக இருக்கும், அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை மண்டோர், அதாவது தோட்டத்து மேற்பார்வைக்காரர், சொன்னார். நான் போய், ஓடைப் பக்கத்தை மட்டும் விடச் சொல்லிக் கேட்டேன்.

"அண்ணே, அந்த ஓரத்துல குருவி கூடு கட்டுது. ஒரு நாலு மாசம் விடலாமே."

"நீ குருவிங்கிற, எனக்குப் பாம்பு பயம் தம்பி. கொழுந்தெடுக்கிற பொம்பளைங்க அந்த வழியாத்தான் ஏறணும். ஒருத்திக்குக் கடிச்சா நீயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவ?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் அம்மா நடந்த வழி அது. அதனால் புதரைக் காப்பாற்று என்று பொதுவாகப் பேசுவதை விட்டுவிட்டு, அவரோடு அந்த ஓரம் முழுக்க நடந்தேன். ஆட்கள் ஏறுகிற பாதையின் இரண்டு பக்கமும் நன்றாக வெட்டிவிடலாம், அங்கே குருவி குறைவு. ஓடையை ஒட்டிய சரிவில் யாரும் நடப்பதில்லை, மண் சரியாமல் இருக்கவும் அங்கே வேர் வேண்டும். மண் சரிவு என்றதும்தான் அவர் நின்று கேட்டார். கேமரனில் மழைக்காலத்தில் மண் சரிந்தால் என்ன ஆகும் என்று தோட்டத்து ஆளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குருவிக்காக மனம் இரங்காதவர் மண்ணுக்காக இரங்குவார். இதை நான் ஒரு தந்திரமாகவே மற்ற தோட்டத்து நண்பர்களுக்கும் சொல்லிவருகிறேன்.

அடுத்து, பேசி முடித்ததோடு விடாமல் அடையாளம் வையுங்கள். வெட்டுகிறவர்கள் இப்போது பெரும்பாலும் பங்களாதேஷ், நேப்பாளத்துத் தம்பிகள், மண்டோர் என்னிடம் சொன்னது அவர்கள் காதுக்குப் போகாது. விடவேண்டிய சரிவின் இரண்டு முனையிலும் குச்சி நட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டினேன். ரிப்பன் கட்டிய இடத்தில் மிஷின் நின்றுவிடும், மொழி வேண்டியதில்லை. மழைக்கு ரிப்பன் வெளுத்துவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மருந்து அடிக்கிற நாளையும் மண்டோரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குருவி தின்பது அந்தப் பூச்சியைத்தான், அது ஒருபுறம். மருந்து அடித்த காலையில் நீங்கள் அங்கே நிற்பது உங்களுக்கும் நல்லதல்ல.

வர நினைக்கிறவர்களுக்குச் சில சில்லறை விஷயங்கள். தோட்டத்து நிலம் தனியார் நிலம், கேட்டில் காவல் நிற்கிற ஜாகாவிடம் சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள், பெரும்பாலும் தலையாட்டிவிடுவார். ஏழரை மணிக்குள் வந்துவிடுங்கள். வெயில் புதரில் முதலில் விழும் பக்கம்தான் முதலில் பூச்சி அசையும், குருவியும் அங்கேதான் வரும். பத்து மணிக்கு மேல் சத்தம் குறைந்துவிடும், மழை பெய்து விட்ட வேளை மட்டும் விதிவிலக்கு. அக்டோபர், நவம்பரில் பகல் மழை பாதி நாளைத் தின்றுவிடும். நல்ல பாட்டு கேட்க வருஷத்தின் முதல் பாதிதான் எனக்கு ராசி. அட்டைக்கு நீளக் காலுறை, குளிருக்கு ஒரு சட்டை. சட்டை வெள்ளையாகவோ மஞ்சளாகவோ வேண்டாம்.

இணையத்தில் இருக்கிற பழைய குறிப்புகளை நம்பி மேல் ரோட்டு வளைவில் நிறுத்தச் சொல்லிக் கேட்கிறவர்கள் இன்னும் வருகிறார்கள். அந்த வளைவுப் புதர் போய்விட்டது, அங்கே இப்போது பிளாஸ்டிக் கூரை போட்ட தக்காளித் தோட்டம். ஓடைச் சரிவு இப்போதைக்கு நிற்கிறது. மண்டோர் ஓரம் வெட்ட ஆள் அனுப்புவதற்கு முதல் நாள் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுகிறார், நான் போய் ரிப்பனைச் சரிபார்த்துவிட்டு வருகிறேன். அவர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். புதிதாக வரப்போகிறவர் யாரென்று தெரிந்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு அந்தச் சரிவில் ஒருமுறை நடக்க வேண்டும்.